மர்ஹூமா ஸகியாவின் முதல் வாக்கு

கடந்த தேர்தலில் உங்கள் வாக்கைப் போட்டது யார்? அவசரப்பட்டு ‘நான்தான்’ என்று சொல்லிவிடாதீர்கள். மருதமுனை ஸகியா உம்மாவும் அந்த நம்பிக்கையில்தான் அடையாள அட்டையும் கையுமாக மூன்று தேர்தல்களுக்குப் போனார். மூன்று தடவையும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வாக்காளர் இடாப்பைப் பார்த்துவிட்டு ஒரே பதிலைத்தான் சொன்னார்: “உங்கட வாக்கு போட்டாச்சு.”

முதல் தடவை அதை நம்பி, தானே போட்டுவிட்டு மறந்துபோனேனோ என்ற யோசனையோடு வீட்டுக்குத் திரும்பினார். இரண்டாம் தடவை சண்டை பிடித்தார். மூன்றாம் தடவை சண்டை பிடிக்கவில்லை. “போட்டவ ஆருக்குப் போட்டா எண்டாவது சொல்லுங்களன், எனக்கும் தெரிஞ்சிரிக்கட்டும்” என்று கேட்டார். ஐம்பத்திரண்டு வயது வரை அவர் வாக்குச்சீட்டைக் கையால் தொட்டதில்லை. ஒரு தடவையாவது தொட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஊரில் ஒரு பெண் மௌத்தானால் உடலைக் குளிப்பாட்டி, வெள்ளைக் கபன் துணி உடுத்தி அடக்கத்துக்கு அனுப்புவது ஸகியாவின் வேலை. மௌத்து வீட்டில் முதல் ஆளாகத் தேடப்படுபவர், கல்யாண வீட்டில் கடைசி வரிசைக்குப் பின்னால் உட்காரவைக்கப்படுவார். பிறந்த குழந்தையை அவர் தூக்கினால் தாய்க்காரி பதறிப்போய் வாங்கிக்கொள்வாள். இறந்தவர்களைக் கழுவுகிற கையில் சவர்க்கார வாசனையைத் தவிர வேறென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று படித்தவர்கள்கூடக் கேட்டுப் பார்த்ததில்லை.

ஸகியா இதற்கெல்லாம் அழுகிற ஆள் அல்ல. ஊரின் பயத்தை அவர் ஒரு கைத்தடியைப் போலப் பாவித்தார். மீன்காரர் தராசை அழுத்தினால், “உன்ட பொஞ்சாதிய ஒருநாள் நான்தான் தேய்ச்சுக் குளிப்பாட்டணும் மனே, பாத்து நிறு” என்பார். மீன் நிறை கூடிவிடும்.

2004 டிசம்பரில் கடல் வந்தபோது மூன்று நாள் இடைவிடாமல் குளிப்பாட்டினார். அப்போது ஒரு பிழை நடந்தது. மருதமுனையையும் பாண்டிருப்பையும் பிரிப்பது ஒரு ஒழுங்கைதான், ஒரு சின்னச் சந்து. இந்தப் பக்கம் முஸ்லிம்கள், அந்தப் பக்கம் தமிழர்கள். கடல் அந்த ஒழுங்கையைக் கவனிக்கவில்லை. உடல்கள் கலந்து கிடந்தன. ஒரு பெண்ணைக் குளிப்பாட்டி, கபன் கட்டி முடித்த நேரத்தில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். பாண்டிருப்பு மீனாம்பிகை. “அது என்ட தங்கச்சி யசோதினி” என்றார்.

இரண்டு பக்கத்து ஆண்களும் உடனே கூடிவிட்டார்கள். கபன் உடுத்தியாச்சு, தொழுவித்துத்தான் அடக்க வேண்டும் என்றார்கள் இவர்கள். துணியைக் கழற்று, செத்த பிறகும் மதம் மாற்றுகிறீர்களா என்றார்கள் அவர்கள். உயிரோடு இருந்தபோது யசோதினிக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்கிக் கொடுக்காதவர்கள் எல்லாம் அவளுடைய ஆத்துமாவுக்கு உரிமை கோரினார்கள்.

உள்ளே ஸகியா மீனாம்பிகையிடம் சொன்னார்: “நல்லாத்தான் குளிப்பாட்டின கா. தலையில ஒரு பொட்டு மண் இல்ல, வந்து பாரு.”

மீனாம்பிகை பார்த்தார். தங்கச்சியின் தலைமுடி சீவிப் பின்னப்பட்டிருந்தது.

“துணி இரிக்கட்டும் ராத்தா. வெள்ளதானே, எங்களுக்கும் வெள்ளதான். நான் ஒரு பொட்டு மட்டும் வச்சு விடுறன்.”

யசோதினி கபன் துணியோடும் நெற்றிப் பொட்டோடும் புதைக்கப்பட்டாள். வெளியே ஆண்களின் வாதம் முடிவதற்கு முன்பே இரண்டு பெண்களும் காரியத்தை முடித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து இருவரும் சிநேகிதம். மீனாம்பிகை பாண்டிருப்பில் ஒப்பாரிக்குப் பெயர் போனவர். செத்த வீட்டில் அவர் வாய் திறந்தால் கல்லும் மூக்கைச் சிந்தும். “நீ அழ வைக்கிற, நான் குளிக்க வைக்கிற. ரெண்டு பேரும் ஒரு கந்தோர் வச்சா நல்லா ஓடும்” என்று ஸகியா சொல்வார். கடல் கொண்டுபோனவர்களின் பெயர், தகப்பன் பெயர், கடைசியாக வைத்த கறி வரைக்கும் இந்த இருவருக்கும் மனப்பாடம்.

அரசாங்கத்துக்குத்தான் அது தெரியவில்லை. மௌத்தானவர்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பில் அப்படியே இருந்தன. அதனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் அவர்கள் வேனில் ஏறி வந்தார்கள். வந்து வாக்களித்துவிட்டுப் போனார்கள்.

2010 ஏப்ரலில் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. யுத்தம் முடிந்து பதினொரு மாதம். தெற்கே பாற்சோறு பொங்கிக் கொண்டாடிய வெற்றிக்கு எங்கள் சந்திகளிலும் வளைவு கட்டினார்கள். கிழமைக்குக் கிழமை கொடிகள் பெரிதாகின. இந்த நாடு ஒரு மதத்துக்குச் சொந்தம், மற்றவர்கள் வாடகைக்கு இருக்கலாம் என்ற பேச்சு மேடைகளில் கூச்சமில்லாமல் ஒலித்தது. இதை எதிர்க்க வேண்டியவர்கள் என்ன செய்தார்கள்? அதே சட்டையைத் தங்கள் அளவுக்குச் சின்னதாகத் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். மருதமுனையில் பாயிஸ் ஹாஜியார் ‘சமூகத்துக்கு ஆபத்து’ என்று துண்டுப்பிரசுரம் விட்டார். பாண்டிருப்பில் நல்லரெத்தினம் ‘இனத்துக்கு ஆபத்து’ என்று விட்டார். இரண்டையும் அடித்தது கல்முனையில் ஒரே அச்சகம். தலைப்பையும் இரண்டு மூன்று பெயர்களையும் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும் என்று அச்சகத்தார் கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாராம்.

பாயிஸ் ஹாஜியார் வாக்காளர் அட்டை கேட்டு ஸகியாவின் வீட்டுக்கும் வந்தார்.

“ராத்தா, போலிங் காட்டக் குடுங்க. நாங்க பாத்துக்கிறம்.”

“மூணு தரம் பாத்தது காணாதா மனே?”

“எல்லாம் சமூகத்துக்காகத்தான். அங்கால அவங்கட செத்தவனெல்லாம் வந்து வோட்டுப் போடுறான். நம்மட மௌத்துகள் மட்டும் சும்மா கிடக்கிறதா?”

“நான் உயிரோட இரிக்கன்டா.”

“அதான் ராத்தா, உயிரோட இரிக்கிற நீங்க என்னத்துக்கு வெயிலுக்க நிக்கணும்?”

ஸகியா கொடுக்கவில்லை. ஹாஜியார் சிரித்துக்கொண்டே போனார். காட் இல்லாமலும் வாக்குப் போட வழி தெரிந்தவரின் சிரிப்பு அது. அதே பின்னேரம் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் நல்லரெத்தினம் மீனாம்பிகையிடம் அதே கதையைச் சொன்னார். அவருடைய கதையில் செத்தவர்கள் சோனகர்கள், அதாவது முஸ்லிம்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடல் வந்த பிறகு எங்கள் பகுதியில் ஒரு சர்வமத சமாதானக் குழு முளைத்திருந்தது. ஒரு மௌலவி, ஒரு குருக்கள், ஒரு பாதர், ஒரு பிக்கு. அறுகம்பே விடுதியில் கூடி, வெள்ளைப் புறா விட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஒருமுறை புறா பறக்காமல் வேனுக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதை விரட்டுவதற்கு நான்கு மதங்களும் ஒற்றுமையாக வேலை செய்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்தக் குழுவின் மாதர் கிளையில் ஸகியாவும் மீனாம்பிகையும் இருந்தார்கள். தேர்தலுக்கு முந்திய கூட்டத்தில் ஸகியா எழுந்து கேட்டார்: “செத்தவங்கட வாக்கக் களவெடுக்கிறது பாவம் எண்டு நீங்க நாலு பேரும் உங்கட உங்கட இடத்தில ஒருக்காச் சொன்னா என்ன?”

நால்வரும் தேநீரைக் கவனமாகக் குடித்தார்கள். “அது அரசியல், ராத்தா. நாங்க சமாதானம் மட்டுந்தான்” என்றார் மௌலவி. குருக்களும் பாதரும் தலையாட்டினார்கள். சொர்க்கத்துக்கு வழி தெரிந்தவர்களுக்கு ஒலிவாங்கி வரைக்கும் போக வழி தெரியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அந்த இளம் பிக்கு தனியாக வந்தார். அரைகுறைத் தமிழில், “அம்மா, சட்டம் இருக்கு” என்றார். அடுத்த கிழமை அம்பாறையிலிருந்து வந்தபோது வாக்கெடுப்பு முகவர்களுக்கான கைந்நூல் ஒன்றைக் காவித் துணிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். தமிழ்ப் பிரதி. அதைத் தேடிப்பிடிக்க மூன்று கந்தோர்கள் ஏறி இறங்கினாராம். அதில் இருந்தது இதுதான்: ஒவ்வொரு கட்சிக்கும், சுயேச்சைக் குழுவுக்கும் சாவடிக்குள் முகவர்களை வைத்திருக்க உரிமை உண்டு. வருகிறவரின் பெயரை எழுதுவினைஞர் உரத்து வாசிப்பார். ஆள் மாறி வந்தால் முகவர் ஆட்சேபிக்கலாம்.

கல்முனையில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் சுயேச்சையாக நின்றார். தன் வீட்டு வாக்கே தனக்கு விழுமா என்று சந்தேகப்பட்டவர் அவர். ஸகியாவும் மீனாம்பிகையும் வந்து முகவர் கடிதம் கேட்டதும் சந்தோஷத்தில் பேனா தேடி ஓடினார்.

தேர்தல் நாள் வந்தது. கரையோரப் பாடசாலையைக் கடல் கொண்டுபோன பிறகு இரண்டு ஊர்க் கரையோரத்தாருக்கும் ஒரே சாவடிதான். பொறுப்பதிகாரி அம்பாறையிலிருந்து வந்த சிங்களவர். நேர்மையானவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். மீனாம்பிகை ஆறரைக்கே வரிசையில் நின்று தன் வாக்கைப் போட்டுவிட்டு வந்து முகவர் கதிரையில் உட்கார்ந்தார். அடுத்தது ஸகியா எழும்பிப் போய் வரிசையில் நிற்பதாக ஏற்பாடு. அதற்குள் எழுதுவினைஞர் வாசித்தார்:

“கந்தப்போடி தெய்வானை.”

சேலைத் தலைப்பால் முக்காடு போட்ட ஒரு பெண் நின்றாள். மீனாம்பிகை மார்பில் ஒரு அடி அடித்து ஒப்பாரியைத் தொடங்கினார்.

“வந்திட்டியோ என்ட மச்சி, அஞ்சு வருசம் கழிச்சு வந்திட்டியோ! கடல் கொண்டுபோன மேலில ஈரம் இன்னும் காயலையோ! முருங்கக்காக் கறி அடுப்பில இரிக்க, நீ முந்தானை நனைஞ்சு போனியே!”

வரிசையில் நின்ற பாண்டிருப்புப் பெண்கள் தங்களை அறியாமலே விசும்பத் தொடங்கினார்கள். முக்காட்டுக்காரி ஒரு கணம் நின்றாள், பிறகு வந்த வழியே ஓடினாள்.

“அம்மா, இங்க அழ ஏலாது” என்றார் பொறுப்பதிகாரி.

“எத்தனையாம் பக்கத்தில போட்டிரிக்கி சேர்?” என்று ஸகியா கைந்நூலை நீட்டினார்.

அவர் உண்மையாகவே புரட்டிப் பார்த்தார். பிரசாரம் செய்யக்கூடாது, கைத்தொலைபேசி கூடாது, மது கூடாது. அழுகையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. “சத்தம் குறைச்சு அழுங்க” என்றார்.

முஸ்லிம் பெயர் வந்தபோது ஸகியாவுக்கு இவ்வளவு சிரமம் இருக்கவில்லை. மௌத்தானவரின் பெயர் வாசிக்கப்பட்டதும் “இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்” என்றார். மரணச் செய்தி கேட்டால் முஸ்லிம்கள் சொல்லும் வார்த்தை அது. ஒருவர் சொன்னால் கேட்டவர் வாய் மூடி இருக்க முடியாது. வரிசை முழுக்கத் திருப்பிச் சொன்னது. பாயிஸ் ஹாஜியாரின் கட்சி முகவர் அச்சிமுகம்மதுவும் சொன்னார், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வாக்களிக்க வந்த ‘மௌத்து’ அழாத குறையாக வெளியே போனாள்.

இப்படியே காலை போனது. ஸகியா வரிசைக்குப் போக எழும்புவார், ஒரு மௌத்து வரும். உட்காருவார். பிறகு எழும்புவார், இன்னொரு மௌத்து வரும். பதினொரு மணிக்குள் ஒன்பது பேர் திரும்பிப் போனார்கள். தமிழர் ஐந்து, முஸ்லிம்கள் நான்கு. மதவெறி எவ்வளவு நியாயமாகப் பங்கு வைக்கிறது பாருங்கள்.

உள்ளூர்ப் பெண்கள் இனிப் போக மாட்டோம் என்று சொல்லிவிட, ஹாஜியாரின் ஆட்கள் மாவடிப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் ஏற்றி வந்தார்கள். அதில் வந்தவள் ஸப்னா. இருபத்தைந்து வயதிருக்கும். வீட்டுத் திட்டத்தில் பெயர் சேர்ப்போம் என்று சொல்லிக் கூட்டி வந்திருந்தார்கள். அவள் கையில் ஒரு தற்காலிக அடையாள அட்டை. இந்த அட்டைக் கட்டுக்குள் இருப்பதெல்லாம் மௌத்தானவர்களின் பெயர்கள், பயப்படாதே என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. கட்டைக் கட்டியவர்கள் பழைய பழக்கத்தில் ஓர் உயிருள்ள பெயரையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

“பெயர்?” என்றார் எழுதுவினைஞர்.

ஸப்னா நல்ல முறையில் வளர்க்கப்பட்ட பெண். இறந்தவரின் பெயரை மொட்டையாகச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. “மர்ஹூமா கச்சிமுகம்மது ஸகியா உம்மா” என்றாள். அதுவும் போதாதென்று, “அல்லாஹ் அவட கபுற விசாலமாக்கட்டும்” என்று புதைகுழிக்கான பிரார்த்தனையையும் சேர்த்தாள்.

சாவடி முழுக்க ஸகியாவின் பக்கம் திரும்பியது.

“மர்ஹூமா?” என்று பொறுப்பதிகாரி இடாப்பில் தேடினார்.

“செத்துப்போனவவுக்கு மரியாதையாப் போடுறது, சேர்” என்றார் மீனாம்பிகை.

ஸகியா கையை உயர்த்தினார். “சேர், நான் எழும்பி நிக்கட்டா, இல்லாட்டி இதிலயே நீட்டிப் படுக்கட்டா?”

சிரிப்பு வாசல் வரைக்கும் போய்த் திரும்பியது. ஆனால் அதிகாரி சிரிக்கவில்லை. ஸகியாவும் தன் அட்டையை மேசையில் வைக்க, ஒரே பெயரில் இரண்டு அட்டைகள் அவர் முன்னால் கிடந்தன. இரண்டிலும் அவரவர் படம், ஒன்றில் அரச முத்திரை, மற்றதிலும் அதே போன்ற முத்திரை. மீனாம்பிகை ஸகியாவின் குழுவைச் சேர்ந்தவர், முகவர் கடிதமும் அந்தக் குழு கொடுத்ததுதான், இரண்டும் எடுபடாது. அதிகாரி அச்சிமுகம்மது பக்கம் திரும்பினார்.

“நீங்க மத்தக் கட்சி. சொல்லுங்க. இவங்கள்ள ஸகியா உம்மா யார்?”

அச்சிமுகம்மது வாசல் கேற்றடியைப் பார்த்தார். தேர்தல் முடிந்ததும் அவருக்குப் பாடசாலைக் காவலாளி வேலை என்று பேச்சு. கேற்றடியில் பாயிஸ் ஹாஜியார் நிற்கிறார். உண்மையைச் சொன்னால் வேலையும் போகும், ஒழுங்கையில் முகமும் போகும். தெரியாது என்றால் போதும். நான்காம் தடவையும் ‘போட்டாச்சு’ என்று ஒருவர் எழுதிவிடுவார். ஸகியாவின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை.

“தம்பி,” என்றார் மெதுவாக. “உன்ட உம்மாவ நான் குளிப்பாட்டக்குள்ள நீ கதவுக்கு வெளியால நிண்டு என்னடா கேட்ட?”

அச்சிமுகம்மது நிலத்தைப் பார்த்தார். “தண்ணி குளிரா எண்டு கேட்டன்.”

“நான் என்ன சொன்ன?”

“இளஞ்சூடு. பயப்புடாத எண்டீங்க.”

அச்சிமுகம்மது நிமிர்ந்து அதிகாரியிடம் சொன்னார்: “இவதான் சேர் ஸகியா ராத்தா. மத்த அட்டை எங்கட வேனில வந்தது.”

ஸப்னா அந்த இடத்திலேயே குந்தியிருந்து அழுதாள். பொலிஸ்காரர் கிட்ட வந்தார். ஸகியா குறுக்கே நின்றார். “இவ சொல்லிக் குடுத்ததச் சொன்னா சேர். சொல்லிக் குடுத்தவன் கேற்றடியில நிக்கான். அவன்ட பேரையும் வேன் நம்பரையும் இவக்கிட்ட எழுதி வாங்குங்க. மறுகா இவவ வீட்ட அனுப்புங்க.” அதிகாரி எழுதி வாங்கினார். யாரோ ஸப்னாவுக்கு ஒரு பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். கேற்றடியைப் பார்த்தபோது ஹாஜியார் அங்கே இல்லை.

ஸகியா வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு அட்டை மறைப்புக்குள் போனார். நெடுநேரம் வரவில்லை.

“அம்மா, முடிஞ்சுதா?”

“அவசரப்படுத்தாதீங்க சேர். இப்பதான் தொட்டுப் பாக்கன்.”

அவர் வாக்களித்த தபால்காரர் தோற்றார், மிகவும் கேவலமாகத் தோற்றார். பாயிஸ் ஹாஜியார் மேல் போட்ட முறைப்பாடு இன்றுவரை ஏதோ ஒரு மேசை லாச்சிக்குள் தூங்குகிறது. அச்சிமுகம்மதுவுக்குக் காவலாளி வேலை கிடைக்கவில்லை. மீனாம்பிகையை நல்லரெத்தினத்தின் ஆட்கள் ‘சோனகத்தி’ என்று கூப்பிட்டார்கள். “ஓம், பொட்டு வச்ச சோனகத்தி” என்று அவர் பதில் சொன்னார்.

வாக்காளர் இடாப்பைத் திருத்தும் காலம் வந்தபோது பெயர்ப் பட்டியலைக் கிராம சேவகரின் கந்தோர்ச் சுவரில் ஒட்டினார்கள். முதல் நாளே இரண்டு பக்கத்து வீரர்களும் வந்துவிட்டார்கள். சோனகரின் செத்தவர்களை வெட்டச் சொல்லி ஒருவர், தமிழரின் செத்தவர்களை வெட்டச் சொல்லி மற்றவர். தங்கள் பக்கத்துச் செத்தவர்களைப் பற்றி யாருக்கும் ஞாபகமில்லை.

இரண்டாம் நாள் ஸகியாவும் மீனாம்பிகையும் போனார்கள். படிவம் நிரப்ப அச்சிமுகம்மது கூடப் போனார்.

“ஆர்ட மௌத்த வெட்ட வந்தீங்க?” என்று கிராம சேவகர் சலிப்போடு கேட்டார்.

“எங்கட மௌத்த” என்றார் ஸகியா. “அவட மௌத்த அவ சொல்லுவா.”

கிராம சேவகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர்களை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு கதிரை எடுத்துப் போட்டார். பின்னேரம் வரைக்கும் எழுதினார்கள்.

உங்கள் ஊர்ச் சுவரிலும் அந்தப் பட்டியல் ஒட்டப்படும். போய் வாசியுங்கள். இறந்துபோன அடுத்த மதத்தவரின் பெயரில் விரல் வைப்பதற்கு முன், உங்கள் சொந்த வீட்டில் இறந்தவரின் பெயரைத் தேடி, நீங்களே சொல்லி வெட்டுவியுங்கள். தனியாகப் போக வேண்டாம். ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.